தபால்காரியும் என் தம்பி அருளும்

1

என் மகனுக்கு ஒரு முத்திரை தேவைப்பட்டது. அதனால்தான் அந்தப் படத்துக்குப் போனோம்.

நாங்கள் இருக்கும் இந்த ஜெர்மன் சிற்றூரில், உறுதிப்பூசுதல் என்ற திருச்சடங்கு வாங்கப் போகும் பிள்ளைகளுக்குப் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அதில் பன்னிரண்டு கட்டங்கள். பூசையில் உதவினால் ஒரு முத்திரை, முதியோருக்குப் பாட்டுப் பாடினால் ஒன்று, தவக்கால நிகழ்ச்சி எதிலாவது உட்கார்ந்திருந்தால் இன்னொன்று. எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான் ஆயர் தலையில் கை வைப்பார். எனக்குச் சொந்த ஊரில், தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பக்கத்தில், உறுதிப்பூசுதல் நடந்தபோது பங்குச் சாமி வரிசையில் நிற்க வைத்து நாலு செபம் கேட்டார், மறந்தவர்களை முறைத்தார். சோதனை அவ்வளவுதான். "இந்த ஊர்ல பரிசுத்த ஆவியே வந்தாலும் முதல்ல டோக்கன் எடுக்கணும்" என்பார் என் கணவர் பாஸ்கர்.

என் பெயர் ஸ்டெல்லா. பத்து வருடமாக இங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செவிலியர். மகன் நிர்மல் நான்கு வயதில் வந்தவன், இப்போது பதினான்கு. தமிழ் பேசுவான், ஆனால் ஜெர்மனில் யோசித்துவிட்டுத்தான் பேசுவான். கோயிலுக்கு வருவது குறைந்துகொண்டே வந்தது. 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். அந்தத் தோள் குலுக்கலுக்கு நிகரான தமிழ்ச் சொல்லை இன்றுவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பங்கு மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல்களில் படம் போடுகிறார்கள். பார்த்து முடித்ததும் காப்பியும் கேக்கும் சாப்பிட்டபடி எல்லோரும் பேச வேண்டும். நடத்துபவர் ஹில்டகார்ட் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் போன அன்று மொத்தம் பதினாலு பேர். என்னையும் நிர்மலையும் விட்டால் எல்லோருக்கும் நரைத்த தலை.

படம் பழையது. மலைக் கிராமம் ஒன்றில் தபால் கொடுக்கும் ஒரு பெண்ணின் கதை. அவளுடைய ஒரே மகன் விறகு வெட்டப் போன இடத்தில் பனிச்சரிவில் புதைந்துபோகிறான். அடக்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் அவள் வீட்டுக்கு வருகிறார். நின்றபடியே தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு, "எல்லாவற்றிலும் இறைவனுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது" என்கிறார்.  மறுநாள் வழக்கம்போலத் தபால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பல நாள் நடக்கிறாள். ஒரு நாள் பாதி வழியில் நின்று, திரும்பி, பை நிறையக் கடிதங்களோடு கோயிலுக்குள் போய், பீடத்தின் மேல் அதை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறாள். ஊருக்குத் தபால் நின்றுபோகிறது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த சாமியார் தானே பையைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்குகிறார். வழுக்கி விழுகிறார், வீடு தெரியாமல் அலைகிறார். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசிக் காட்சியில் அவள் கோயிலின் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கிழவி வந்து பக்கத்தில் உட்காருகிறாள். இருவரும் பேசவில்லை. படம் முடிகிறது.

பாதிப் படத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். நிர்மலின் போன் பையில் இருந்தது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

2

ஹில்டகார்ட் கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு எது பொருள் தந்தது?"

கடமை என்றார் ஒருவர். விசுவாசம் என்றார் இன்னொருவர். துன்பம் நம்மைச் செதுக்குகிறது என்றார் ஒரு அம்மா, அழகான ஜெர்மனில். நான் தலையாட்டினேன். என்னிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது நிர்மல் கை தூக்கினான், வகுப்பில் தூக்குவது போல.

"எனக்கு அந்தச் சாமியார் மேல் கோபம் வரவில்லை. அவருக்குப் பயம். அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயம். அதனால்தான் எதையாவது சொல்லிவிட்டு ஓடப் பார்த்தார். என் மாமா ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே அவருக்கு அசைவில்லை. அவரிடமும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். எங்கள் அம்மாவும்."

மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த கேக்கைப் பார்த்தேன். ஹில்டகார்ட் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு, "உன் மாமா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"அவர் அதிகம் சொல்ல மாட்டார். படம் பார்ப்பார். ஒரு நாளைக்கு இரண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அட்டையில் முத்திரை விழுந்தது. வெளியே வந்து அவன் சைக்கிளை எடுக்கும்போது தமிழில் கேட்டேன்.

"நீ மாமாகிட்ட பேசறியா?"

"சனிக்கிழமை."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷம்."

"என்ன பேசுவீங்க?"

"படம். அப்புறம் லாரி." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லன்னு எனக்குத் தெரியும்மா" என்றான்.

3

அருள் என் தம்பி. என்னைவிட ஐந்து வயது இளையவன். பாலக்கோடு சந்தையிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஒருநாள் ஓசூர், ஒருநாள் சேலம் என்று வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஓசூர் வியாபாரிகளிடம் கன்னடத்தில் கேலி பேசுவான், வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் அதே கன்னடத்தில் சோறு கேட்டுத் திட்டு வாங்குவான். பதினோரு வருடங்களுக்கு முன்னால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னே போன வண்டி திடீரென்று நின்றது. இவன் ஸ்டீயரிங்கை ஒடித்தான். வேன் கவிழ்ந்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இவனைத் தூக்கியெடுத்தபோது, "வண்டி எப்படிங்க இருக்குது?" என்று கேட்டானாம். முதுகெலும்பு உடைந்திருந்தது.

அப்போது நான் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அவனைத் திருப்பிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஜெர்மன் படிக்கப் பெங்களூருக்குப் போனேன். பிறகு இங்கே வந்துவிட்டேன்.

விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால் வேறு ஒரு கதை தேவைப்பட்டது. அந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து செய்தோம். அருளுக்கு அடிபட்டது, அதனால் ஸ்டெல்லா வெளிநாடு போனாள், அதனால் குடும்பம் நிமிர்ந்தது, ஆகவே எல்லாம் ஆண்டவரின் ஏற்பாடு. திரும்பிப் பார்க்க நல்ல கதைதான். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் கொடுத்த கதை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விடுமுறையில் போயிருந்தபோது வீட்டில் நன்றிச் செபம் வைத்தோம். சாமி என்னைப் பேசச் சொன்னார். நான் எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னேன். "எந்தம்பிக்கு அப்படி ஆகலன்னா நான் இந்த ஊர் எல்லையத் தாண்டியிருக்க மாட்டேன். எங்களத் தூக்கிவிடத்தான் ஆண்டவர் அப்படிச் செஞ்சாரு." எல்லோரும் ஆமென் என்றார்கள்.

அருளின் கட்டில் உள்ளறையில், சாலைப் பக்கத்து ஜன்னலோரம். கதவு திறந்துதான் இருந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, உன்ன ஏரோப்ளேன் ஏத்தறதுக்கு எம்முதுக ஒடைக்கணுமா அவுரு? வேற வழியே தெரியலியா அவுருக்கு?"

"அப்படி இல்லடா. எல்லாத்துலயும் அவருக்கு ஒரு நோக்கம்..."

"போதும். அந்த வார்த்தைய இனிமே எங்கிட்ட சொல்றதா இருந்தா போன் பண்ணாத."

நான் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுவேன். அம்மா நடுவில் போனை அவன் பக்கம் திருப்புவாள். அவன் கையைத் தூக்குவான், நானும் தூக்குவேன். அம்மா மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

படத்தில் சாமியார் தொப்பியைத் திருகிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அதுதான் என்னை இப்போதும் உறுத்துகிறது. படம் முழுக்க நான் அந்தத் தபால்காரியாகவே என்னை நினைத்துக்கொண்டு அழுதிருந்தேன். நான் யார் என்று காட்ட என் மகன் கை தூக்க வேண்டியிருந்தது.

4

மாமா அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றான் நிர்மல். ஹில்டகார்டிடம் அதன் குறுந்தகடு இருந்தது. அது பங்கு நூலகத்தின் சொத்து. இரவல் வாங்க ஒரு படிவம்.

இந்த நாட்டில் என் பெயர் ஆரோக்கியசாமி. அப்பா பெயரைக் கடவுச்சீட்டில் கடைசியில் போட்டதால், பத்து வருடமாக எல்லோரும் என்னைத் 'திருமதி ஆரோக்கியசாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நிர்மலின் கடைசிப் பெயர் பாஸ்கர். அம்மாவும் மகனும் வேறு வேறு குடும்பம் என்று நினைத்து இரண்டு படிவம் கேட்டார்கள். அதை விளக்கி முடித்தபோது, குடும்பத்தினர் மட்டும் பார்க்கலாம், வெளியாருக்குக் காட்டக் கூடாது என்ற விதி வந்தது.

"மாரண்டஹள்ளியில் படுத்திருக்கும் என் தம்பி குடும்பத்தில் சேர்த்தியா?" என்று ஹில்டகார்டிடம் கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் யோசித்தார். இவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளை உண்மையாகவே யோசிப்பார்கள். பிறகு பேனாவை எடுத்து, பார்ப்பவர்கள் என்ற கட்டத்தில் 'மூவர், ஒரே குடும்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று சனிக்கிழமை பார்த்தார்கள். எங்களுக்குக் காலை பத்து மணி, அங்கே பிற்பகல். நிர்மல் போனைத் தொலைக்காட்சிக்கு எதிரே புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னான். நான் சமையலறையில் இருந்தேன். அருளுக்கு அது தெரியாது.

"மாமா, இப்ப அந்த ஃபாதர் சொல்றார், எல்லாத்துக்கும் காட்டுக்கு ஒரு... ஒரு 'எதுக்கு' இருக்கு."

"காட்டுக்கா?"

"காட் மாமா. சாமி. சாமிக்கு ஒரு எதுக்கு இருக்கு."

நோக்கம் என்ற சொல் அவனுக்கு வரவில்லை. ஜெர்மன் சொல்லின் பொருளை யோசித்து 'எதுக்கு' என்று சொன்னான். அருள் சிரித்தான். அவன் சிரிப்பை நான் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது. வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு நின்றேன். நோக்கம் என்னும்போது கோட்டு சூட்டு போட்ட ஒரு சொல் வந்து நிற்கிறது. எதுக்கு என்னும்போது கேள்வி மட்டும்தான் மிஞ்சுகிறது, பதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

இன்னோர் இடத்தில் தபால்காரி தன் தங்கையிடம் தன் வேதனையைப் பற்றிப் பேசுகிறாள். நிர்மல் திணறினான். "அவங்களுக்கு ரொம்ப வலி. கால் வலி இல்ல. உள்ள. அதுக்கு என்ன மாமா?"

"பாடுனு சொல்லு."

"பாட்டா?"

"பாட்டு இல்லடா. பாடு. ஏசுவோட பாடுகள்னு கோயில்ல படிப்பாங்களே, அது. ஒங்க அம்மாச்சி என்னெ வெச்சுகிட்டு படறாங்களே, அது. தோட்டத்துல வெயில்ல தக்காளி பறிக்கறதும் பாடுதான்."

"எல்லாமே ஒரே வார்த்தையா?"

"ஆமா. நம்மூர்ல வேலைக்கும் வேதனைக்கும் தனித்தனியா பேரு வெக்கல."

எனக்கு முதல் வருடம் இந்த ஊரில் நடந்தது நினைவுக்கு வந்தது. இல்லத்தில் ஒரு தாத்தா என் கையைப் பிடித்து ஒரு வாக்கியம் சொன்னார். அதில் 'லைடன்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பாடப் புத்தகத்தில் அதற்கு வேதனைப்படுதல் என்று பொருள். ஓடிப்போய் வலி மாத்திரை எடுத்துவந்தேன். அவர் மாத்திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூட வேலை செய்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த மொழியில் 'உன்னை என்னால் நன்றாக வேதனைப்பட முடியும்' என்றால், உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்று பொருளாம். ஏன் அப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒருவரைப் பிடிப்பதும் அவருக்காகத் தாங்கிக்கொள்வதும் எங்கோ ஒன்றாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

5

மூன்றாவது சனிக்கிழமை படம் முடிந்தது. கடைசிக் காட்சியில் நிர்மலுக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

"டேய், அந்தச் சாமியாரு மொதல்ல வூட்டுக்கு வர்றாரே, அத மறுபடி போடு" என்றான் அருள்.

போட்டான். தொப்பி, திருகல், அந்த வாக்கியம்.

"அசப்புல ஒங்கம்மா மாதிரியே இல்ல?"

நிர்மல் சமையலறைப் பக்கம் திரும்பினான். அந்தத் திரும்பலிலேயே அருளுக்கு விளங்கிவிட்டது. "ஒங்கம்மா இருக்குதா அங்க?" என்று கேட்டான்.

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போன் முன்னால் உட்கார்ந்தேன். அவன் மெலிந்திருந்தான். தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. நிர்மல் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான்.

இரண்டு வருடமாக மனதில் எழுதி வைத்திருந்த மன்னிப்பு ஒன்று இருந்தது. அது வரவில்லை. "படம் எப்படிடா இருந்துது?" என்றுதான் கேட்டேன்.

"நல்லா எடுத்திருக்கறாங்க. கடசியில அந்தக் கெழவி வருதே, அதான் எனக்குப் பிடிச்சுது."

"ஆறுதலுக்குப் பேசாம வந்து ஒக்காருது. நாங்க இங்க அதப் பத்தித்தான் பேசுனோம். கூட இருக்கறதுதான்..."

"இல்லக்கா. நீ சரியாப் பாக்கல. அந்தக் கெழவி உள்ள வரும்போதே காலத் தாங்கித் தாங்கி வருது. அதுக்குக் கால் வலி. ஒக்கார எடம் வேணும். பக்கத்துல எடம் இருந்துது, ஒக்காந்துச்சு. ஆறுதல் சொல்ல வர்ல. அதான் அந்தத் தபால்காரம்மா தள்ளி ஒக்காந்து எடம் விடுது. அந்தப் படத்துலயே மொத மொதலா ஒருத்தரு அந்தம்மாகிட்ட எதையாச்சும் கேட்டு வந்தது அப்பதான்."

நான் அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான், கிழவி நொண்டினாள். பதினாலு பேர் கேக் சாப்பிட்டபடி ஒரு மணி நேரம் பேசினோம், ஒருவர்கூட அவள் காலைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் எனக்காகத்தான் வர்றாங்க" என்றான். "ஆரஞ்சுப் பழம் வாங்கிகிட்டு, மொகத்த ஒரு மாதிரி வெச்சுகிட்டு. தனக்காக ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க. வண்டிக்காரப் பசங்க மட்டுந்தான் வேற. அண்ணா, கிருஷ்ணகிரி டோல்கிட்ட வண்டிங்க நிக்குதா, ராயக்கோட்ட ரோடு பிடிக்கலாமான்னு போன் பண்ணுவாங்க. அங்க நிக்கற நாலு பேர்கிட்ட கேட்டுச் சொல்வேன். டயர் வெடிச்சா யாரு கடை தொறந்திருக்கும்னு சொல்வேன். வேல முடிஞ்சா வெச்சிருவாங்க. எப்படி இருக்கறீங்கன்னுகூட கேக்க மாட்டாங்க. அது எவ்ளோ நல்லாருக்குது தெரியுமா?"

"இதெல்லாம் செய்யறியா? அம்மா சொல்லவே இல்லியே."

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, மாத்திரை போட்டானா என்று கேட்டேன். செவிலியராகக் கேட்டேன். என் வாய் நுனிவரை 'பார்த்தியா, ஆண்டவர் உன்னை இதுக்காகத்தான்' என்று வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன். அவன் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான்.

"சொல்லாத. அது நோக்கம் கெடையாது. போன் வருது, எடுக்கறேன். அவ்ளோதான்."

"ஆண்டவர் மேல கோவமாடா?"

"அவுரு மேல எதுக்குக் கோவம்? ராத்திரி பகலா அவுருகிட்டதான் பேசிகிட்டு இருக்கறேன். திட்டறேன், வேண்டறேன், அது எங்க ரெண்டு பேருக்குள்ள. நீங்க எல்லாரும் அவுருக்கு வக்கீலா வந்து நிக்கறீங்க பாரு, அதத்தான் தாங்க முடியல."

நான் சிரித்துவிட்டேன். பிறகு, "அன்னிக்கு நான் செபத்துல பேசுனது தப்புடா" என்றேன். "உன்ன வெச்சு எனக்கு ஒரு கதை செஞ்சுகிட்டேன்."

அவன் கையை அசைத்தான், ஈ ஓட்டுவது போல. 

அந்த வெள்ளிக்கிழமை, கோயில் சுவரில் பதினாலு படங்களாக மாட்டியிருக்கும் சிலுவைப் பாதையில் நின்றேன். ஐந்தாம் தலத்தில், வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மனிதனைப் பிடித்துச் சிலுவையைத் தூக்கச் செய்கிறார்கள். சிறு வயதிலிருந்து எத்தனை முறை அந்தப் படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டிருப்பேன். அவனுக்கும் ஆறுதல் சொல்லத் தெரியாது, காரணம் சொல்லத் தெரியாது. நடந்தவற்றில் ஒரு அர்த்தமும் அவனுக்கு விளங்கியிருக்காது. தோள் கொடுத்தான், கொஞ்ச தூரம் நடந்தான். ஆண்டவரும் அதை வாங்கிக்கொண்டார். கிறிஸ்தவம் துன்பத்துக்குக் காரணம் சொல்கிறது என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். காரணம் சொல்லாமல், தனக்கும் ஒருத்தர் தோள் தேவைப்பட்டு நின்ற கடவுளைத்தான் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம் என்பது இவ்வளவு நாள் ஏன் கண்ணில் படவில்லை? சரியாகத்தான் யோசிக்கிறேனா என்று தெரியவில்லை. நான் சமயம் படித்தவள் அல்ல.

நிர்மல் உறுதிப்பூசுதல் வாங்குவானா என்பது இன்னும் முடிவாகவில்லை. யோசிக்கிறேன் என்கிறான். நான் வற்புறுத்துவதை விட்டுவிட்டேன்.

6

அந்தச் சனிக்கிழமைகளில் நான் ஏன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன் என்று அருள் அடுத்த வாரம் கேட்டான். இதைப் படிக்கும் உங்களுக்கும் நான் சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

என் முதுகு போய்விட்டது. பத்து வருடம் கனத்த உடம்புகளைத் தூக்கித் திருப்பியதில் இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் தட்டு பிதுங்கிவிட்டது. இனித் தூக்கும் வேலை கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழு வாரமாக விடுப்பு. மறுவாழ்வுச் சிகிச்சைக்கு விண்ணப்பிக்க ஒரு கத்தைப் படிவம் வந்திருந்தது. முதுகெலும்பு உடைந்து படுத்திருப்பவனிடம் முதுகு வலி என்று எந்த வாயால் சொல்வது? அதனால் அம்மாவிடமும் சொல்லவில்லை.

அருளிடம் சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவன் இரக்கப்படவில்லை. நிமிர்ந்து படுத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தான்.

"எந்தக் காலுக்கு எறங்குது?"

"எடது."

"மரத்துப்போவுதா, சுண்டி இழுக்குதா?"

"இழுக்குது. கட்டவெரல் பக்கம் மரத்துப்போவுது."

"இருமுனா?"

"உயிர் போவுது."

"படிவத்துல என்னா கேட்டிருக்கறாங்க?"

"வலி எவ்ளோன்னு. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும்."

"எவ்ளோ போட்ட?"

"மூணு."

"நெசமா எவ்ளோ?"

நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தேன். பிறகு, "எட்டு" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஏழு வாரத்தில் என் வலிக்காக அழுதது அதுதான் முதல் தடவை.

"அப்ப எட்டுனு போடு. என்னோடதுல இருந்து கழிச்சுப் போடுவியா நீ? அழிச்சிட்டு எழுது. இப்பவே."

எடுத்து வந்து, அவன் பார்க்கவே அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். இங்கே படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பார்கள். பரவாயில்லை.

"இப்ப கீழ படு. மெத்தையில இல்ல, தரையில. கால நாற்காலி மேல தூக்கி வெய்யி. தர்மபுரில இருந்து எனக்கு ஒருத்தரு வந்து ஒடம்பு அசைச்சு விடுவாரு, அவுரு சொன்னது. மொழங்கால் மடங்கி, தொட நேரா நிக்கணும். போன மூஞ்சிகிட்ட வெச்சுக்க."

நிர்மல் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, போனைப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். நான் மல்லாந்து கிடந்தேன். முதுகு தரையில் பட்டதும் முதலில் கத்த வேண்டும்போல இருந்தது. மெல்ல மெல்ல இறுக்கம் விட்டது. அந்தப் பக்கம் அம்மா எதையோ அடுப்பில் வைத்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

"விடுதா?"

"விடுது."

"இருவது நிமிசம் அப்படியே கெட. என்னா தெரியுது?"

"என்னா தெரியும்? மேல கூரைதான்."

"எனக்கும் அதான்."

 வெள்ளையடித்த கூரையில் பார்க்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்திலேயே எனக்கு எழுந்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அருளு, பதினோரு வருசமா அதையே பாத்துகிட்டு இருக்கறியே. அதுல என்னடா பாப்ப?"

 அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான், மறுபடி மேலே பார்த்தான்.

"இத ஒருத்தரும் கேட்டதே இல்லக்கா" என்றான். "சொல்றேன். நீ எந்திரிச்சிறாத."